உடைந்ததால் விரைந்த படகு

புரொப்பெல்லர் என்று நாம் வழங்கும் உந்துதிருகின் ஓர் இதழ் உடைந்தால் படகு என்னவாகும்? வேகம் குறையும். எடை சமநிலை கெட்டுத் தண்டு அதிரும், தாங்கிகள் தேயும். ஆகவேதான் படகு செப்பனிடுவோர் இதழைப் பழைய வடிவுக்கே கொண்டுவரப் பாடுபடுகின்றனர். ஆனால் 1837-ஆம் ஆண்டு பிப்ரவரியில், லண்டன் பாடிங்டன் கால்வாயில் நடந்ததோ நேர்மாறு!

பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் ஹெண்டன் என்னும் ஊரில் பண்ணை நடத்தியவர். பொறியியல் கற்றவர் அல்லர். நீராவிக் கப்பல்களைத் துடுப்புச் சக்கரங்கள் செலுத்திய காலம் அது. ஸ்மித் முதலில் நீர்நிலையில் பொம்மைப் படகு விட்டுப் பார்த்தார். 1836 மே மாதம் உந்துதிருகுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நாம் காணும் விசிறி வடிவம் அதற்கில்லை. திருகாணியின் புரிகளை நினைத்துக்கொள்ளுங்கள். அதுபோல் இரண்டு முழுச் சுற்றுகள் கொண்ட மரத் திருகு அது. அதைப் பொருத்திய படகு சுமார் 6 டன் எடையுள்ளது.

சோதனை ஓட்டத்தின்போது திருகில் ஏறத்தாழப் பாதி ஒடிந்து போயிற்று. படகு நின்றுவிடவில்லை, முன்னைவிட வேகமாகப் பாய்ந்தது!

காரணம் என்ன? மரத்தில் இறங்கும் திருகாணியை மரம் அசையாமல் பற்றிக்கொள்கிறது. நீர் அப்படிப் பற்றாது, பின்னோக்கித் தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளலின் எதிர்விசையே படகை முன்செலுத்துகிறது. முதற் சுற்றே நீரை விரைவுபடுத்தி விடுவதால், ஓடிக்கொண்டிருக்கும் நீரில் இரண்டாம் சுற்றுக்கு வேலை குறைவு. உராய்வு மட்டும் குறையாது. எஞ்சினின் ஆற்றலில் ஒரு பகுதி அங்கே வீணாயிற்று.

வேறொருவராயின் ஒடிந்ததை ஒட்டவைத்திருப்பார். ஸ்மித் ஒரே சுற்றுடைய உலோகத் திருகைச் செய்து பொருத்தி, அதே ஆண்டு செப்டம்பரில் படகைக் கடலுக்கே கொண்டுபோனார். 1838-இல் 'ஆர்க்கிமிடீஸ்' கப்பல் மிதந்தது. 1840-இல் அதைச் சோதித்துப் பார்த்த புரூனெல், தாம் கட்டிக்கொண்டிருந்த 'கிரேட் பிரிட்டன்' கப்பலின் துடுப்புச் சக்கரத் திட்டத்தையே கைவிட்டார்.

ஆனால் உடைவதெல்லாம் நன்மைக்கே என்று எண்ணிவிடாதீர்கள்! 1845-இல் நியூயார்க்கிலிருந்து திரும்புகையில் 'கிரேட் பிரிட்டன்' தன் உந்துதிருகின் இதழ்களை இழந்தது. பாய்களை விரித்துத்தான் ஊர் வந்து சேர்ந்தது. பின்னர் அந்த ஆறிதழ்த் திருகை நீக்கி, நான்கு இதழ்கள் கொண்ட வார்ப்பிரும்புத் திருகைப் பொருத்தினர். 1970-இல் பிரிஸ்டலுக்கு மீட்டு வரப்பட்ட அக்கப்பலில், பழைய ஆறிதழ்த் திருகின் மாதிரியை இன்றும் காணலாம்.