கன்ஸ்ட்ரக்டர் பிறந்த கதை

பொட்டி தட்டும் மக்களுக்கு கன்ஸ்ட்ரக்டர்னா தினசரி எழுதுற நாலு வரி. ஒரு ஆப்ஜெக்ட் உருவாகும்போதே அதுக்குள்ள இருக்க வேண்டிய மதிப்புகளை நிரப்பி வைக்கிற ஃபங்ஷன், அவ்வளவுதான். கடமைக்கு எழுதிட்டு அடுத்த ஆணியைப் பிடுங்கப் போயிடுவோம். ஆனா அந்த நாலு வரிக்குப் பின்னாடி ஒருத்தர் டீபக் பண்ணியே நொந்துபோன கதை இருக்கு.

ஆரம்பம் நார்வேயின் ஆஸ்லோ நகரம். ஓலே யோஹான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் உருவாக்கிய சிமுலா 67 மொழியில்தான் கிளாஸ், ஆப்ஜெக்ட் எல்லாம் வந்தது. அதில் கன்ஸ்ட்ரக்டர்னு தனியா எதுவும் கிடையாது. 'நியூ' என்றதும் கிளாஸுக்குள் எழுதியிருக்கும் கட்டளைகளே ஓடும்.

1970களில் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவராக இருந்த பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் தன்னுடைய சிமுலேட்டரை சிமுலாவில் எழுதினார். எழுத சுகமா இருந்தது, தப்பு செஞ்சா கம்பைலரே பிடிச்சுக் கொடுத்தது. ஓட்டினால்தான் நத்தை வேகம். 80 சதவீதத்துக்கு மேல் நேரத்தை கார்பேஜ் கலெக்டரே தின்றது. வேறு வழியில்லாமல் எல்லாத்தையும் பி.சி.பி.எல். மொழியில் திரும்ப எழுதினார். வேகம் வந்தது, நிம்மதி போச்சு. டைப் என்பதே இல்லாத மொழி அது, தப்பைக் கம்பைலர் சொல்லாது. அந்த டீபக்கிங் கொடுமையை அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார்.

1979இல் பெல் லேப்ஸில் 'சி வித் கிளாஸஸ்' வேலையைத் தொடங்கினார். சி மொழியில் ஃபங்ஷனுக்குள் இருக்கும் மாறிக்கு மதிப்பு கொடுக்க மறந்தால், காலி பண்ணிப் போனவர் விட்டுப்போன சாமான் மாதிரி, மெமரியில் கிடந்த பழைய குப்பை அப்படியே இருக்கும். தப்பு ஒரு இடத்தில் நடக்கும், புரோகிராம் வேற எங்கேயோ போய் விழும். அதனால கிளாஸுக்குள் 'நியூ'ன்னு ஒரு ஃபங்ஷன் எழுதினால், ஆப்ஜெக்ட் உருவாகும்போது மொழியே அதைக் கூப்பிடும்படி செஞ்சார். சி ப்ளஸ் ப்ளஸ் ஆனபோது கிளாஸின் பெயரே அதுக்குப் பெயராச்சு.

ஓட்டை அடைபட்டதா? முழுசா இல்லை. தாய் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் முதலில் ஓடும். சேய் கிளாஸ் மாத்தி எழுதின ஒரு விர்ச்சுவல் ஃபங்ஷனை அதுக்குள்ளேயே கூப்பிட்டா? சேய் இன்னும் முழுசா பிறக்கலையே! சி ப்ளஸ் ப்ளஸ் அந்த நேரத்தில் தாயின் ஃபங்ஷனையே ஓட்டும். 1995இல் வந்த ஜாவா சேயினுடையதை ஓட்டும், ஆனா சேயின் மாறிகளில் அப்போ பூஜ்ஜியமோ நல்லோதான் இருக்கும். டீபக்கரில் வரி வரியாப் பார்த்தாலும் ஒவ்வொரு வரியும் சரியாவே தெரியும். தப்பு வரிசையில் இருக்கு.

மறந்துபோற மனுஷனை நம்பாம, பொறுப்பை மொழிகிட்ட கொடுத்ததுதான் ஸ்ட்ரூஸ்ட்ரப் செஞ்ச காரியம். 'இனிட்'னு தனியா ஒரு ஃபங்ஷன் எழுதி, "இதை முதலில் கூப்பிடவும்"னு மேலே கமெண்ட் போடும் ஒவ்வொரு தடவையும் நாம 1979க்கு முன்னாடி போயிட்டு வர்றோம்.

பாதி பிறந்த ஆப்ஜெக்ட் உங்க தூக்கத்தையும் கெடுத்திருந்தா பின்னூட்டத்தில் கொட்டிடுங்க மக்களே.