புளியந்தீவுக்கு வந்த நற்செய்தி

மட்டக்களப்பு வாவியில் எதிர் எதிரே வரும் இரு தோணிகள் சந்தித்தால், ஒன்றில் இருப்பவர் மற்றவரை நோக்கி முதலிற் கேட்பது, "என்ன புதினம்?" என்பதே. செய்தி கேட்பது மனித இயல்பு. செய்தி கொண்டு வருபவனுக்கு அதனைத் திரிக்காது சொல்லும் கடமை உண்டு. கேட்பவனுக்கு அதனை ஏற்கவும் மறுக்கவும் உரிமை உண்டு. கட்டளை அத்தகையதன்று. கட்டளைக்கு முன் நிற்பவன் பணிதல் வேண்டும். அன்றேல் தண்டம் இறுத்தல் வேண்டும். கிறிஸ்தவ சமயம் தன் மூலக் கருத்தினைக் கட்டளை என்று அழைக்காது, செய்தி என்றே அழைத்து வந்திருக்கிறது. வாவியின் நடுவே நகரமும் கோட்டையும் தாங்கி நிற்கும் புளியந்தீவின் சமய வரலாற்றை விளங்கிக்கொள்ள இவ்வேறுபாடே திறவுகோல் எனலாம்.

நற்செய்தி என்பதற்கு மூலமான கிரேக்கச் சொல் 'எவங்கெலியோன்' என்பது. அது முதலில் சமயச் சொல்லன்று. போர்க்களத்திலிருந்து ஓடிவரும் தூதன் கொணரும் வெற்றிச் செய்தியை அச்சொல் குறித்தது. உரோமப் பேரரசன் அகஸ்டசின் பிறந்தநாளை உலகுக்கு நற்செய்தியின் தொடக்கம் எனப் போற்றும் கல்வெட்டு ஒன்று சின்னாசியாவின் பிரியேன் நகரிற் கிடைத்துள்ளது. அது கிறிஸ்துவுக்கு முன் 9ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பேரரசின் வாயில் வழங்கிய அச்சொல்லை எடுத்து, சிலுவையில் அறையுண்டு மாண்ட ஒரு தச்சரின் வரலாற்றுக்குப் பெயராக இட்டனர் ஆதிக் கிறிஸ்தவர். படை கொண்டு வென்றவனைப் பற்றியது பழைய செய்தி. பகைவரை மன்னித்து இறந்து, இறந்தும் உயிர்த்தெழுந்தவரைப் பற்றியது புதிய செய்தி. சொல் ஒன்றே, பொருள் தலைகீழாயிற்று.

தமிழில் இச்சொல்லை அமைத்தோர் 'சுவிசேஷம்' என்றனர். 'சு' என்னும் வடமொழி முன்னொட்டு நன்மையைக் குறிக்கும். 'விசேஷம்' என்பதோ நம் வீடுகளில் அன்றாடம் வழங்குவது. "என்ன விசேஷம்?" என்று உறவினரைக் கேட்கிறோம் அல்லவா? அச்சொல்லே இதுவும். பிற்காலத்தில் தனித்தமிழ் வழக்கினை விரும்பியோர் 'நற்செய்தி' என்றனர். இரண்டும் ஒரு பொருளன.

அச்செய்தியின் உள்ளடக்கம் யாது? நாசரேத்தூர்த் தொழுகைக் கூடத்தில் இயேசு எசாயா இறைவாக்கினரின் ஏட்டைப் பெற்று வாசித்த நிகழ்ச்சியை லூக்கா விவரிக்கிறார். எளியோர்க்கு நற்செய்தி, சிறைப்பட்டோர்க்கு விடுதலை, பார்வையற்றோர்க்குப் பார்வை என்பன அவ்வாசகத்தின் சாரம். இறைவனின் ஆட்சி அண்மையில் உள்ளது. மனம் திரும்புவோர்க்கு மன்னிப்பு உண்டு. அதற்கு விலை கேட்கப்படுவதில்லை. இதுவே அவர் போதனையின் கரு. அன்று அதனைக் கேட்ட ஊரார் முதலில் வியந்தனர். பின்னர்ச் சினந்து அவரை ஊருக்கு வெளியே தள்ளினர். தம்மை மறுத்தவர்மீது அவர் எத்தண்டமும் விதிக்காது அவ்விடம் விட்டு அகன்றார். நற்செய்தியைப் போதிக்கும் முறைக்கும் அந்நிகழ்ச்சி இலக்கணமாகக் கொள்ளத்தக்கது.

ஆயின், வரலாற்றில் அவ்விலக்கணம் எப்பொழுதும் பேணப்படவில்லை. கீழ்த்திசையிற் போர்த்துக்கேயர் வந்தபோது படையும் வணிகமும் சமயமும் ஒரே கப்பலில் வந்தன. 1628இல் புளியந்தீவில் அவர்கள் கோட்டை எழுப்பினர். 1638 மே மாதத்தில் ஒல்லாந்தர் கண்டி மன்னனின் துணையுடன் அதனைக் கைப்பற்றினர். இலங்கையில் ஒல்லாந்தர் கைக்கு முதன்முதல் வந்த போர்த்துக்கேயர் கோட்டை இதுவே. சிறிது காலமே ஆண்ட போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற தடம் ஆழமானது. கத்தோலிக்க வழிபாடு நிலைத்தது. மட்டக்களப்புப் பறங்கியர் குடும்பங்களில் போர்த்துக்கேய மொழியின் ஒரு வடிவம் நூற்றாண்டுகள் கடந்தும் பேச்சு வழக்கில் இருந்து வருகிறது.

ஒல்லாந்தர் தம் ஆட்சிப் பகுதிகளில் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்து, தமது சீர்திருத்தத் திருச்சபையை நிறுவினர். ஞானஸ்நானம் பெற்றவர்க்கே அரசாங்க உத்தியோகம். பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பாத பெற்றோர்க்குத் தண்டம். இவ்வாறு செய்தி கட்டளையாக மாறிற்று. விளைவு என்ன? ஏடுகளிற் பெயர்கள் நிறைந்தன, உள்ளங்கள் மாறவில்லை. பிரித்தானியர் 1795இல் மட்டக்களப்பைக் கைப்பற்றி, பழைய நிர்ப்பந்தம் தளர்ந்ததும், இலங்கைத் தமிழ்ப் பகுதிகளிற் பெயரளவில் கிறிஸ்தவராயிருந்தோர் பெருந்தொகையாகத் தம் முன்னோர் வழிபாட்டுக்கே மீண்டனர். ஆணையால் வந்தது ஆணை போனதும் போயிற்று.

இதற்கு நேர்மாறான காட்சியும் அதே ஒல்லாந்தர் காலத்தில் உண்டு. கோவாவிலிருந்து 1687இல் யோசேப் வாஸ் அடிகள் இரவலர் கோலத்தில் இலங்கைக்கு வந்தார். அவருக்குக் கோட்டையும் இல்லை, படையும் இல்லை. மறைந்திருந்த கத்தோலிக்கரை இரவு வேளைகளிற் சந்தித்துத் தேற்றினார். 2015இல் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவர் வழிவந்த யாக்கோமே கொன்சல்வேஸ் அடிகள் தமிழையும் சிங்களத்தையும் கற்று, 'வியாகுல பிரசங்கம்', 'சுவிசேஷ விரித்துரை' முதலிய நூல்களைத் தமிழில் இயற்றினார். அரசாங்கம் பகைத்தபோதும் அச்செய்தி அழியவில்லை. கேட்போரின் தாய்மொழியில், அவர்களது துயரத்தோடு ஒன்றி அது பேசியமையே காரணம்.

இந்தப் பின்னணியிலேயே 1814ஆம் ஆண்டில் புளியந்தீவுக்கு வந்த வில்லியம் ஓல்ட் போதகரின் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

ஜோன் வெஸ்லி 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தொடங்கிய மெதடிஸ்த இயக்கம், ஆலயத்துக்கு வெளியே வயல்வெளியிலும் சந்தையிலும் சுரங்க வாயிலிலும் நின்று எளியோர்க்குப் போதித்த இயக்கம். அவ்வியக்கத்தைச் சேர்ந்த தோமஸ் கோக் என்பவர், முதுமையிலும் கீழ்த்திசைக்குச் செல்லும் ஆவலால், தம் சொந்தப் பொருளையும் செலவிட முன்வந்து, 1813 டிசம்பர் இறுதியில் ஆறு போதகர்களுடன் கப்பலேறினார். பயணம் துயரம் நிறைந்ததாயிற்று. ஓல்டின் மனைவி கடலிலேயே காலமானார். 1814 மே 3ஆம் நாள் காலையில், தலைவராகிய கோக் தமது அறையில் உயிரற்றுக் கிடந்தார். அவரது உடலும் இந்து சமுத்திரத்துக்கே அளிக்கப்பட்டது. வழிகாட்டியை இழந்து பம்பாயில் இறங்கிய அவ்விளைஞர்களுக்குக் கைப்பொருளும் உறுதியாயில்லை. ஆயினும் அவர்கள் திரும்பிச் செல்லவில்லை.

ஆர்வர்ட் என்பவர் மனைவியுடன் சில காலம் பம்பாயில் தங்க, ஏனைய ஐவரும் 1814 ஜூன் 29ஆம் நாள் காலியை அடைந்தனர். அங்குக் கலந்து பேசிப் பணியிடங்களை வகுத்துக்கொண்டனர். லிஞ்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணம் சென்றனர்; கிளப் காலியிலும், எர்ஸ்கின் மாத்தறையிலும் பணி ஏற்றனர். மட்டக்களப்பு ஓல்டுக்கு வாய்த்தது. மனைவியைக் கடலிற் பறிகொடுத்த அவர், துணையாக வேறொரு போதகரும் இன்றித் தனியராகவே அங்குச் சென்றார்.

அவர் வந்திறங்கிய நிலம் சமயமற்ற வெற்றுநிலம் அன்று. தான்தோன்றீச்சரமும் மாமாங்கேசுவரர் ஆலயமும் கண்ணகியம்மன் கோயில்களும் மக்களின் வாழ்வோடு பின்னிக் கிடந்தன. குடிமுறையும் கோயில் உரிமையும் இணைந்த சமுதாயம் அது. கூத்துக் களரியில் இரவெல்லாம் பாரதக் கதை கேட்ட மக்கள் அவர்கள். அண்மையிலேயே முஸ்லிம் ஊர்கள் இருந்தன. வாழ்வின் பொருள் யாது, இறப்பின் பின் யாது என்னும் வினாக்கள் அவர்களுக்குப் புதியன அல்ல. ஆகவே, புதிதாக வந்தவர் முதலில் அம்மொழியைக் கற்றல் வேண்டியிருந்தது. ஓல்ட் கோட்டையிலிருந்த படையினருக்கும் பறங்கியருக்கும் ஆங்கிலத்திற் போதித்தவாறே தமிழ் பயின்றார். சுற்றுப்புறங்களிற் பாடசாலைகளை அமைக்க முற்பட்டார். எட்டு மாதங்களுக்குள் எட்டுப் பாடசாலைகளை அவர் தொடங்கினார் என்று மிசன் வரலாறுகள் கூறுகின்றன.

அதற்குமேல் அவருக்குக் காலம் வாய்க்கவில்லை. உடல்நலம் குன்றி, 1815 ஏப்ரல் 1ஆம் நாள் மட்டக்களப்பிலேயே காலமானார். அவர் விட்டுச்சென்றவை சில பாடசாலைகளும் அரைகுறையாகக் கற்ற ஒரு மொழியுமே. மதம் மாறியோரின் தொகையைக் கொண்டு அளப்போர்க்கு அவர் பணி தோல்வியாகவே தோன்றும்.

ஆயினும் அவ்வித்து முளைத்தது. அவரது முயற்சியைத் தோற்றுவாயாகக் கொண்டதே இன்று புளியந்தீவில் விளங்கும் மெதடிஸ்த மத்திய கல்லூரி; 1814ஆம் ஆண்டே அதன் தொடக்க ஆண்டாகக் கொள்ளப்படுகிறது. பெண்கல்வி அரிதாயிருந்த காலத்தில், 1820இல், வின்சன்ட் பெண்கள் பாடசாலைக்கு வித்திடப்பட்டது. 1838இல் மெதடிஸ்த ஆலயம் எழுந்தது. பின்வந்த போதகர்களுள் ரால்ப் ஸ்டொட் என்பவர் உட்காடுகளில் வாழ்ந்த வேடரையும் நாடிச் சென்று போதித்தார். இங்குத் தமிழ் கற்ற அவரே 1862இல் தென்னாபிரிக்காவின் நேற்றாலுக்குச் சென்று, கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாகத் துன்புற்ற தமிழரிடையே பணிபுரிந்தார். மட்டக்களப்பு வாவிக் கரையிற் பயின்ற தமிழ், கடல் கடந்து சென்ற தமிழருக்கு ஆறுதல் மொழியாயிற்று. கத்தோலிக்கர் 1873இல் புனித மிக்கேல் கல்லூரியைத் தொடங்கினர். அதனைப் பின்னர் இயேசு சபையினர் வளர்த்தனர்.

இப்பணிகளின் நிழற் பக்கத்தையும் மறைத்தல் நேர்மையன்று. அக்காலப் போதகர் பலர் சைவ வழிபாட்டை அதன் ஆழம் அறியாது இகழ்ந்து எழுதினர். ஆங்கிலக் கல்வி உத்தியோகத்துக்கு வழி என்பதால், பலர் செய்தியை நாடாது பாடசாலையை நாடினர். உதவி எங்கே முடிகிறது, வற்புறுத்தல் எங்கே தொடங்குகிறது என்பது எளிதில் வரையறுக்க இயலாத எல்லை. சைவ மக்கள் தங்கள் பிள்ளைகள் தங்கள் சமயச் சூழலிலேயே கற்றல் வேண்டும் என விழைந்தது நியாயமே.

இவ்விடத்தில் விபுலாநந்த அடிகளை நினைவுகூர்தல் பொருந்தும். 1892இல் காரைதீவில் தோன்றிய அவர், கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் புளியந்தீவுப் புனித மிக்கேல் கல்லூரியிலும் கற்றார். கிறிஸ்தவ ஆசிரியர் தந்த கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலமும் பெற்றார், நற்செய்தியையும் கேட்டறிந்தார். எனினும் அவர் தெரிந்த நெறி இராமகிருஷ்ண சங்கத்தின் துறவு நெறி. 1924இல் துறவு பூண்டு, கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை 1929இல் நிறுவினார். 1947இல் 'யாழ் நூல்' தந்தார். இதனை மிசன் பாடசாலையின் தோல்வி என்பதா? அன்று. கேட்டவர் சுதந்திரமாகச் சிந்தித்துத் தம் வழியைத் தெரிந்தார். ஆணையிட்டிருந்தால் ஒரு பொய்க் கிறிஸ்தவரை ஆக்கியிருக்கலாம். கல்வி தந்தமையால் ஒரு பேரறிஞரைத் தமிழுலகம் பெற்றது.

போதனை நாவினால் மட்டும் நிகழ்வதன்று. 1948இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க இயேசு சபைக் குரு யூஜின் ஹேபர்ட் அடிகள், மட்டக்களப்பு இளைஞருக்குக் கூடைப்பந்தாட்டமும் தொழிற்கல்வியும் பயிற்றி வாழ்ந்தார். வன்செயல் மிகுந்த 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், உடன் வந்த தமிழ் இளைஞர் ஒருவருடன் அவர் காணாமற்போனார். 2019 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு நகரின் சீயோன் தேவாலயத்திற் குண்டு வெடித்துச் சிறுவர் பலர் உட்பட வழிபட வந்தோர் மாண்டனர். சொல்லின் இடத்தை ஆயுதம் கவரும்போது நேர்வது யாது என்பதை இவ்வூர் கோட்டைக் காலத்திலும் கண்டது. நம் காலத்திலும் கண்டது.

இயேசு கூறிய உவமைகளுள் விதைப்பவனின் உவமை மட்டக்களப்பு உழவருக்கு விளக்கம் வேண்டாதது. விதைப்பவன் கைநிறைய அள்ளி வீசுகிறான். சில வழியோரத்தில் விழும். சில பாறையில் விழும். சில முள்ளிடையே விழும். சில நன்னிலத்தில் விழுந்து பன்மடங்காகும். நிலத்தை அடித்துத் துன்புறுத்தி எவனும் விளைவிப்பதில்லை. விதைத்தல் அவன் பணி. முளைத்தல் நிலத்தின் பணி.

புளியந்தீவில் கோட்டையின் மதில்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றைக் கட்டியவர் ஆட்சியும் கைப்பற்றியவர் ஆட்சியும் மறைந்தன. அதே தீவில் வில்லியம் ஓல்டுக்குச் சிலை ஒன்றும் உண்டு. எட்டு மாதமே வாழ்ந்த ஒருவரை இவ்வூரார், அவர் சமயத்தவரல்லாத பெரும்பான்மையினர் உட்பட, தம்முள் ஒருவராக நினைவில் வைத்திருக்கின்றனர். அவர் எவரையும் பணியுமாறு கேட்கவில்லை. ஊரார் மொழியைக் கற்று, பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து, தாம் நல்லதென நம்பிய ஒரு புதினத்தைச் சொல்ல வந்தார். கேட்கும் உரிமையையும் மறுக்கும் உரிமையையும் கேட்போரிடமே விட்டுச் சென்றார். அவ்வுரிமை நிலைத்திருக்கும் மட்டுமே நற்செய்தி செய்தியாக இருக்கும்.