லினக்ஸில் பிடிஎஃப் சொதப்புதா? தப்பு ஃபைல்லயா, ரீடர்லயா? கண்டுபிடிப்பது எப்படி?

உபுண்டு போன்ற லினக்ஸ் கணினியில் பிடிஎஃப் திறந்தால், எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வருகிறதா? ஃபைல் காலின்னு உடனே முடிவு கட்டிவிட வேண்டாம்.

எவின்ஸ் சரிவரலைன்னா பலரும் ஓக்குலருக்கு மாறுவார்கள். ஆனால் இரண்டுக்கும் உள்ளே இருப்பது பாப்ளர் என்ற ஒரே இன்ஜின். ஒன்றில் வரும் கோளாறு மற்றதிலும் வரலாம். அதனால் அதே ஃபைலை ஃபயர்ஃபாக்ஸில் திறந்து பாருங்கள். அதன் இன்ஜினே வேறு. அங்கே ஒழுங்காகத் தெரிந்தால் பெரும்பாலும் ரீடரில்தான் சிக்கல். சிஸ்டத்தை அப்டேட் செய்யுங்கள்.

அங்கேயும் கட்டம்தானா? எவின்ஸில் ப்ராப்பர்ட்டீஸ் சென்று ஃபான்ட்ஸ் பகுதியைப் பாருங்கள். 'நாட் எம்பெடட்' என்றிருந்தால், ஃபைலுக்குள் அந்த எழுத்துரு இல்லை என்று அர்த்தம். அதை உங்கள் கணினியில் நிறுவுங்கள். அல்லது எழுத்துருவையும் சேர்த்து ஃபைலை மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

விண்ணப்பப் படிவம் வர வேண்டிய இடத்தில் 'ப்ளீஸ் வெயிட்' மட்டும் வந்தால், எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் பலனில்லை. அது எக்ஸ்எஃப்ஏ படிவம்; பாப்ளருக்கு அது புரியாது. 2021-ல் வெளியான ஃபயர்ஃபாக்ஸ் 93 முதல் இந்த வகைப் படிவங்களை அதில் திறக்கலாம். கடைசி தேதிக்கு முன்பே ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது.