பாரிஸ் பீடம்

இன்டர்மீடியட்டோடு நின்றவன் நான். ஆனாலும் சர்வகலாசாலைச் சண்டைகளைப் படிப்பதில் எனக்கு ருசி குறையவில்லை.

1229-இல் பாரிஸில் மதுக்கடைத் தகராறு ஒன்று முற்றி, காவலர்கள் சில மாணவர்களைக் கொன்றுவிட்டார்கள். ஆசிரியர்கள் பாடத்தை நிறுத்திவிட்டு ஊரைவிட்டே போனார்கள். 1217-இல் வந்து குடியேறிய டொமினிக்கன் துறவிகள் போகவில்லை. அந்த நேரத்தில்தான் அவர்களில் ஒருவரான கிரெமோனா ரோலாண்டுக்கு இறையியல் பீடம் கிடைத்தது! தொழிலாளி பாஷையில் இதற்குக் கருங்காலித்தனம் என்று பெயர். பிச்சை ஏற்று உண்ணும் துறவிக்குச் சங்கம் ஏது, வேலைநிறுத்தம் ஏது என்றும் கேட்கலாம்.

1253-இல் மறுபடி ஒரு மாணவன் கொலையுண்டான்; துறவிகள் மறுபடி பாடம் நடத்தினார்கள். இந்தத் தடவை ஆசிரியர்கள் அவர்களை விலக்கியே விட்டார்கள். 1256-இல் தாமஸ் அக்வினாஸ் பீடம் ஏறியபோது, கேட்கப் போனவர்களைத் தடுத்தார்கள். அவரைச் சகாவாக ஏற்றது 1257-இல். அதுவும் போப்பாண்டவர் அதட்டிய பிறகு.