ஆசிரியர் சென்ற பின்னும் நின்ற பாடம்: சிக்கித்தோஸ் தேவாலயங்களில் இளைஞர் சங்கீதப் பயிற்சியின் வரலாறு

கத்தோலிக்க வழிபாட்டில் பாடுவதற்கென்று சிறுவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றும் வழக்கம் மிகப் பழமையானது. 11-ஆம் நூற்றாண்டில் அரெஸ்ஸோ நகரத்துத் துறவி குய்தோ, கோடுகளின்மீது சுரங்களைக் குறிக்கும் முறையை ஒழுங்கு செய்ததே, பாடகச் சிறுவர்கள் ஆண்டுக்கணக்கில் செவிவழியாக நெட்டுருச் செய்துகொண்டிருந்த சிரமத்தைக் குறைப்பதற்காகத்தான். 1563-இல் திரெந்து பொதுச்சங்கம் குருமடங்களை நிறுவும்படி கட்டளையிட்டபோது, மாணவர் கற்க வேண்டியவற்றுள் இலக்கணத்தோடு பாட்டையும் சேர்த்தது. ஆனால், மானியமும் ஆதரவும் குறைவின்றி வாய்த்த ஐரோப்பியப் பேராலயங்களில் இப்பயிற்சி தழைத்ததில் வியப்பொன்றுமில்லை. கற்பித்தவர்கள் ஒரே ஆணையினால் ஒருசேர அகற்றப்பட்ட பிறகு, கற்ற சிறுவர்களும் அவர்தம் பிள்ளைகளும் என்ன செய்தார்கள் என்பதைக் கொண்டே ஒரு பயிற்சியின் உண்மையான பலத்தை அளவிட முடியுமாதலால், அத்தகைய சோதனை நேர்ந்த ஓரிடத்தை, இன்றைய பொலிவியாவின் கிழக்குப் பகுதியிலுள்ள சிக்கித்தோஸ் பிரதேசத்தை, இங்கே ஆராய எடுத்துக்கொள்கிறோம்.

சிக்கித்தோஸின் முறைக்கு வித்து பராகுவேயிலே இடப்பட்டது. சேசு சபைக் குருக்கள் 1609 முதல் குவாரனி மக்களிடையே அமைத்த குடியிருப்புகளில், பிளாந்தர்ஸ் நாட்டிலிருந்து வந்த வசோ, பிரான்சிலிருந்து வந்த பெர்ஜே ஆகியோர் ஆரம்பப் பாடங்களை நடத்தினர். திரோல் நாட்டவரான அந்தோன் செப் 1691-இல் வந்து யப்பேயு என்னும் ஊரில் நிறுவிய பயிற்சிக்கூடத்திற்குப் பிற ஊர்களிலிருந்தும் மாணவர்கள் அனுப்பப்பட்டார்கள். ரோமாபுரியில் சேசு சபையாரின் தலைமைத் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்த தொமேனிகோ சிப்போலி, அந்தப் புகழையெல்லாம் துறந்து சபையில் சேர்ந்து, 1717-இல் கோர்தோபா நகரை அடைந்து, குருப்பட்டம் பெறுமுன்பே 1726-இல் காலமானார். அவர் கோர்தோபாவில் இயற்றியவை மட்டும் கைப்படிகளாகக் காடுகளுக்குள் பயணம் செய்தன.

சிக்கித்தோஸில் முதற் குடியிருப்பான சான் ஹவியேர் 1691-ஆம் ஆண்டின் கடைசி நாளில் தோன்றிற்று. 1760-க்குள் பத்து ஊர்கள் அமைந்து, 1767-இல் ஏறத்தாழ 24,000 மக்கள் அவற்றில் வாழ்ந்தனர். பல மொழி பேசிய குலத்தாரை ஓரிடத்தில் திரட்டி, சிக்கித்தானோ மொழியையே பொதுமொழியாக்கிய அக்குருக்களுக்குச் சொல்லைவிடச் சுரம் எளிதாகக் கைகொடுத்தது என்று ஊகிப்பதில் தவறில்லை. சங்கீதத்தை அங்கே முறையாக நாட்டியவர், ஸ்விட்சர்லாந்தின் பார் என்னும் ஊரில் 1694-இல் பிறந்து, 1730-இல் சிக்கித்தோஸ் வந்துசேர்ந்த மார்ட்டின் ஷ்மித். வாத்தியம் செய்வதைக் குலத்தொழிலாகவோ கூலித்தொழிலாகவோ பயின்றவரல்லர் அவர். தேவை நெருக்கியதால் ஆர்கனும் வயலினும் செய்யக் கற்று, கற்றதை உடனுக்குடன் சிறுவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். சான் ரஃபாயேல், சான் ஹவியேர், கொன்செப்சியோன் ஆகிய ஊர்களின் மரத்தூண் தேவாலயங்களைக் கட்டியவரும் அவரே. பாட்டுப் பள்ளியும் தச்சுப் பட்டறையும் அவரிடத்தில் ஒன்றாகவே இருந்தமையால், நரம்பு அறுந்தால் ஐரோப்பாவிலிருந்து கப்பலை எதிர்பார்த்து நிற்கும் நிலை அந்த மாணவர்களுக்கு இல்லை.

பயிற்சி நடந்த விதத்தைக் குவாரனிக் குடியிருப்புகளில் நெடுங்காலம் பணிபுரிந்த ஹொசே கார்தியேல் எழுதிவைத்த விவரங்களிலிருந்து அறிகிறோம். நல்ல குரலுள்ள சிறுவர்கள் இளம்பிராயத்திலேயே தெரிந்தெடுக்கப்பட்டு, குருக்களின் இல்லத்து முற்றத்தை அடுத்த பள்ளியில் எழுத்தும் சுரமும் சேர்த்துக் கற்றார்கள்; குரல் உடைந்தபின் வாத்தியத்திற்கு மாறினார்கள்; ஊருக்கு முப்பது நாற்பது வித்துவான்கள் இருந்தார்கள். அவர்களுக்குத் தலைவராக அவ்வூர்ப் பூர்வகுடியினரே ஒருவர், ‘மாயெஸ்த்ரோ தெ கபிள்யா’ என்ற பதவிப்பெயருடன், ஊரார் மதிப்புக்குரியவராக விளங்கினார். அடுத்த தலைமுறைக்குப் பாடம் சொல்லும் பொறுப்பு அவருடையது.

எஞ்சி நிற்கும் கைப்படிகளை உற்று நோக்கினால் இம்முறையின் சூட்சுமம் விளங்கும். முழு இசையமைப்பும் ஒரே தாளில் எழுதப்பட்ட படிகள் அரிது. உச்சக்குரலுக்கு ஒரு தாள், முதல் வயலினுக்கு ஒரு தாள், இரண்டாம் வயலினுக்கு ஒன்று, அடித்தளச் சுரத்திற்கு ஒன்று என்று தனித்தனியே பிரித்து எழுதியிருக்கிறார்கள். அச்சகம் இல்லாத காட்டில் ஒவ்வொரு பாடகனும் படியெடுப்பவனாகவும் இருந்தே தீர வேண்டியதாயிற்று. நம் நாட்டில் ஓலைச்சுவடியைப் பெயர்த்தெழுதிய மாணாக்கனுக்கு எழுதி முடிக்கும்போதே நூல் பாதி பாடமாகியிருக்குமல்லவா, அதே பயன் அங்கேயும் விளைந்தது. இலத்தீன் பாக்களோடு சிக்கித்தானோ மொழிப் பாடல்களும் அத்தாள்களில் மிகுதியாக உள்ளன. இதே காலத்தில் இதே சபையைச் சேர்ந்த வீரமாமுனிவர் தமிழில் காவியம் செய்துகொண்டிருந்தார் என்பதை நினைத்தால், உள்ளூர் மொழியை நாடும் இப்போக்கு ஷ்மித் ஒருவரின் தனிப்பட்ட விருப்பம் மட்டுமன்று என்பது புலனாகும்.

இதையெல்லாம் கூறும்போது, அக்குடியிருப்புகளைப் பூலோக சொர்க்கமாகச் சித்திரிக்கும் ஆசிரியர்களோடு நாம் உடன்பட வேண்டியதில்லை. விடியல் முதல் இரவு வரை மணியோசைக்குக் கட்டுப்பட்ட வாழ்க்கை அது; பாடகனாவது சிறுவனின் விருப்பமா என்று கேட்டவர் இலர்; பெண்மக்களுக்குப் பாடகர் மேடையில் இடமில்லை; இலத்தீனைப் பிழையறப் பாடியவர்களில் பலர் அதன் பொருளை அறியார். ஆயினும் 1749-இல் பதினான்காம் பெனடிக்ட் பாப்பரசர் தேவாலய சங்கீதம் பற்றி விடுத்த சுற்றுமடலில் பராகுவே நாட்டு வழிபாட்டிசையையும் குறிப்பிடும் அளவுக்கு அதன் கீர்த்தி பரவியிருந்தது.

1767-இல் ஸ்பெயின் மன்னர் மூன்றாம் சார்லஸ் சேசு சபையாரைத் தம் ஆட்சிப் பரப்பனைத்தினின்றும் வெளியேற்றினார். எழுபது வயதைக் கடந்த ஷ்மித்தும் கப்பலேற்றப்பட்டு, தாய்நாடு திரும்பி, 1772-இல் லூசெர்ன் நகரில் உயிர்நீத்தார். பாட்டுப் பள்ளி அன்றே மூடப்பட்டிருந்தால், இந்த வரலாறு அயலார் நட்டு அயலார் வாடவிட்ட ஒன்றாக முடிந்திருக்கும். அவ்வாறு முடியவில்லை. புதிய குருக்களில் பலருக்குச் சங்கீத ஞானமோ அக்கறையோ இல்லாதபோதும், உள்ளூர் மாயெஸ்த்ரோக்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள். கிழிந்த தாளுக்குப் பதிலாகப் புதிய தாள் எழுதினார்கள். 1831-இல் அவ்வழியே வந்த பிரெஞ்சு அறிஞர் அல்சீத் தோர்பிஞி, ஆசிரியர்கள் அகன்று அறுபதாண்டுகளுக்குமேல் கழிந்தும் அங்கே கேட்ட இசையை வியந்து எழுதியிருக்கிறார். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரப்பர் வியாபாரம் ஆண்களைக் காடுகளுக்கு இழுத்துச் சென்று ஊர்களைக் குலைத்தபோதுதான் பயிற்சியின் தொடர் பெரிதும் நைந்தது. சுரம் படிப்போர் அருகிய பின்னும் தாள்களை மக்கள் எறிந்துவிடவில்லை.

1972-இல் ஸ்விஸ் கட்டிடக் கலைஞர் ஹான்ஸ் ரோத் ஷ்மித்தின் தேவாலயங்களைப் புதுப்பிக்கத் தொடங்கினார். சான் ரஃபாயேல், சாந்தா ஆனா ஆகிய ஊர்களிலிருந்து 5,000-க்கும் மேற்பட்ட இசைத்தாள்கள் அக்காலத்தில் வெளிப்பட்டு, கொன்செப்சியோன் சுவடிக்கூடத்தில் சேர்க்கப்பட்டன. போலந்து நாட்டுக் குருவான பியோத்தர் நாவ்ரோத் முதலிய ஆய்வாளர்கள் பிரிந்து கிடந்த தாள்களை இணைத்துப் பதிப்பித்தார்கள். 1990-இல் அப்பகுதியின் ஆறு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. 1996 முதல் ஈராண்டுக்கொருமுறை அத்தேவாலயங்களிலேயே பரோக் இசைவிழா நடைபெறுகிறது.

இங்கே ஒரு முரண் கவனத்திற்குரியது. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தன் வழிபாட்டுச் சாசனத்தில் பாடகர் குழுக்களை ஊக்கத்துடன் வளர்க்கவும், பாடகர்களுக்கு, குறிப்பாகச் சிறுவர்களுக்கு, வழிபாட்டறிவும் புகட்டவும் கூறியது. அதே சாசனம் தாய்மொழிக்கும் மக்கள் அனைவரின் பங்கேற்புக்கும் வாயில் திறந்துவிட்டது. அதன் பயனாகத் திருப்பலியில் கிதாரும் எளிய தாய்மொழிப் பாட்டும் பரவிக்கொண்டிருந்த வேளையில்தான் பழைய தாள்கள் வெளிப்பட்டன. ஆகவே, பூசைக்கென எழுதப்பட்ட இசையை இன்றைய இளைஞன் பெரும்பாலும் விழா மேடைக்கெனக் கற்கிறான். இதை இழப்பென்று சிலர் கருதலாம். பூசைக்கு வெளியே இவ்விழாக்கள் நிகழ்ந்திராவிடில் அவனுக்கு ஆசிரியரும் வயலினும் கிடைத்திருக்குமா என்பது ஐயமே என்பது என் கருத்து. பிரான்சிஸ்கன் சபையார் பணியாற்றிய உருபிச்சா என்னும் ஊரில் குவாராயோ குலத்துச் சிறுவரும் இளைஞரும் பயிலும் இசைப்பள்ளி இதற்குச் சான்று. அங்கே மரவேலை தெரிந்தவர்கள் வயலின்களைத் தாமே செய்கிறார்கள். ஷ்மித்தின் பட்டறையில் நுழைய இடமற்றிருந்த பெண்பிள்ளைகளும் அங்கே ஆண்பிள்ளைகளோடு ஒரே வரிசையில் அமர்ந்து முதல் வயலின் வாசிக்கிறார்கள். பாடகர் குழுவில் ஆணும் பெண்ணும் சேர்ந்து இடம்பெறலாம் என்பதை 1967-இல் ரோமாபுரி வெளியிட்ட திருச்சங்கீதப் போதனையேடு முன்பே ஏற்றிருந்தது.