நாள் முழுக்க நின்னு பாடம் எடுத்தா உடற்பயிற்சி ஆகிடுமா? கல்லூரிப் பேராசிரியர்களைத் துரத்தும் சுகர், பிபி!

"காலையிலிருந்து நின்னுக்கிட்டுத்தானே இருக்கோம், இதுக்கு மேல என்ன எக்சர்சைஸ்?" கல்லூரி ஆசிரியர் அறைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. ஆனால் நிற்பது வேறு, உடலை அசைப்பது வேறு.

எவ்வளவு நேரம்தான் நிற்கிறார்கள்?

புதுக்கோட்டை மாமன்னர் கல்லூரி, கலைஞர் கருணாநிதி அரசு மகளிர் கலைக் கல்லூரி, அறந்தாங்கி அரசு கலைக் கல்லூரி என எங்கு வேலை பார்த்தாலும் நேரக் கணக்கு ஒன்றுதான். யுஜிசியின் 2018 விதிமுறைப்படி வாரத்துக்குக் குறைந்தது 40 மணி நேரம் பணி. அதில் நேரடி வகுப்பு, உதவிப் பேராசிரியருக்கு 16 மணி நேரம். இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி நேரம். விடைத்தாள், நாக் கோப்பு, ஆராய்ச்சி மாணவரின் அத்தியாயம் என்று மீதி வேலையில் பெரும்பகுதி நாற்காலியில்தான். பதவி உயர உயர வகுப்பு குறைகிறது. சுகர் எட்டிப் பார்க்கும் வயதும் அதுதான்!

திருச்சியிலிருந்து வந்துபோகிறவர் என்றால், ஒரு வழிக்கு 50 கிலோ மீட்டருக்கு மேல் பஸ் சீட்டிலும் உட்கார வேண்டும்.

உட்கார்ந்தால் என்ன ஆகும்?

தசை சுருங்கி விரியும்போது ரத்தத்தில் உள்ள சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். இதற்கு இன்சுலின்கூட அவசியமில்லை. மணிக்கணக்கில் அசையாமல் இருந்தால் இந்த வேலை மந்தமாகிவிடும். ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் டைப்-2 சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், இதய நோய் வரும் ஆபத்து கூடுகிறது. ஒரே இடத்தில் நிற்பதும் இதற்கு மாற்று இல்லை. காலில் நரம்புச் சுருட்டல்தான் மிச்சம்.

1953-ல் லண்டன் பஸ் ஊழியர்களை ஆராய்ந்த ஜெர்ரி மோரிஸ், உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களைவிட, மாடிப் பஸ்ஸில் ஏறி இறங்கும் கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு என்று காட்டினார். பேராசிரியர்கள் தங்களைக் கண்டக்டர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வாரக் கணக்கைப் பார்த்தால் டிரைவர் பக்கம்தான் அதிகம் சாய்கிறது.

பெண்களுக்குக் கூடுதல் சிக்கல்

இந்தியாவில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் போதிய உடல் இயக்கம் இல்லை என்கிறது 2024-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான ஆய்வு. பெண்களில் இது 57%, ஆண்களில் 42%. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் மூலம் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் கற்ற மாவட்டம் புதுக்கோட்டை. இன்று கல்லூரி வாசலில் நிற்பதோ ஸ்கூட்டிகள். இரண்டு கிலோ மீட்டர் தூரத்தில் வீடு இருப்பவராவது சைக்கிளை யோசிக்கலாம்.

எவ்வளவு அசைந்தால் போதும்?

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான இயக்கம் என்கிறது உலக சுகாதார அமைப்பு. வேகமாக நடந்தால், பேச முடியணும், பாட முடியக்கூடாது. அந்த அளவுதான் 'மிதமான'. வாரம் இரண்டு நாள் தசையை வலுவாக்கும் பயிற்சியும் வேண்டும்.

காலேஜில் சுலபமானது மதிய இடைவேளை. சாப்பிட்டதும் பத்து நிமிடம் வளாகத்தில் நடந்தால், சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை அளவு குறையும். ஏற்கெனவே இதயக் கோளாறு உள்ளவர்கள், மூட்டு வலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்கலாம்.

சுகரும் பிபியும் தொடக்கத்தில் பெரும்பாலும் அறிகுறி காட்டாது. 30 வயதைத் தாண்டியவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இரண்டையும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.