இசை நாடகமும் தணிக்கையும்: பாலவனத்தம் வட்டாரத்தை முன்வைத்து

அருப்புக்கோட்டையை அடுத்துள்ள பாலவனத்தம், தமிழ் வரலாற்றில் பாண்டித்துரைத் தேவரின் (1867–1911) ஜமீனாகவே அறியப்படுகிறது. 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர் அவர். சுதேசிக் கப்பல் கம்பெனிக்குத் தலைவராக இருந்தவரும் அவரே. ஏட்டுச்சுவடிகளை அச்சேற்றிக் காத்த அந்தச் சங்கத்தின் பணி போற்றப்படுவது நியாயம். ஆனால் இதே வானம்பார்த்த பூமியில், அச்சேறாமலே வாழ்ந்த இன்னொரு தமிழும் உண்டு. அது திருவிழா இரவுகளில் பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தின் தமிழ். பாலவனத்தத்துக்குத் தெற்கே நாகலாபுரம் மதுரகவி பாஸ்கரதாஸின் (1892–1952) ஊர். மேற்கே சிவகாசி எஸ். எஸ். விசுவநாததாஸ் (1886–1940) பிறந்த ஊர். முன்னவர் பாட்டெழுதினார், பின்னவர் மேடையில் பாடினார். வெள்ளை அரசு இவர்களின் பாட்டுக்குத் தடை போட்ட வரலாறு ஓர் உண்மையைத் தெளிவாகக் காட்டுகிறது. பாட்டால் நடக்கும் நாடகத்தைக் காகிதத்தில் படித்துத் தணிக்கை செய்ய முடியாது. அதனால் அதிகாரத்தின் கை கடைசியில் மனிதர்கள் மேல்தான் விழுகிறது.

இதற்குக் காரணம் அந்த நாடகத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துத் தந்த கதையும் பாட்டும் எல்லா நடிகருக்கும் மனப்பாடம். ஆகவே ஒரு கம்பெனியைச் சேராத நடிகர்கள் தனித்தனியாக அழைக்கப்பட்டு, ஒத்திகை இல்லாமலே அன்றைய மேடையில் சந்தித்து நடிப்பார்கள். வசனமும் தர்க்கமும் அங்கேயே பிறக்கும். ஆர்மோனியக்காரர் சுருதி கொடுத்து, பின்பாட்டும் பாடுவார். இந்த நெகிழ்வில் புதுப்பாட்டு ஒன்றை நுழைப்பது எளிது. வள்ளி திருமணத்தில் வள்ளி தினைப்புனம் காக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளலாம். பரண்மேல் நின்று கவண் சுழற்றி ஆலோலம் பாடிப் பறவைகளை விரட்டுவது மரபு. விரட்டப்படும் பறவை கொக்கு என்று பாட்டில் வந்தால் போதும். கொக்கின் நிறம் வெள்ளை. தரையில் உட்கார்ந்திருக்கும் சம்சாரிக்கு வேறு விளக்கம் தேவையில்லை. எழுதிய பிரதியில் அந்த வரியைத் தேடும் அதிகாரிக்கு அகப்படுவது, பயிரைத் தின்ன வந்த ஒரு பறவை மட்டுமே.

அரசிடம் இருந்த கருவி 1876ஆம் ஆண்டு நாடக நிகழ்ச்சிச் சட்டம். வங்காள மேடையில் ஆட்சியாளர்களைக் கேலி செய்த நாடகங்களால் பிறந்த சட்டம் அது. அரசின்மேல் வெறுப்பைத் தூண்டுவது, அவதூறானது, ஆபாசமானது என்று கருதினால் நாடகத்தைத் தடுக்கலாம். மீறியவருக்கு மூன்று மாதம்வரை சிறை. போலீசார் கொட்டகைக்குள் நுழைந்து ஆட்களைப் பிடிக்கவும், திரைச்சீலையையும் உடுப்பையும் பறிமுதல் செய்யவும் அதில் இடம் இருந்தது. நிலையான பிரதி உள்ள நாடகத்துக்கு இது ஓரளவு பொருந்தியது. வெ. சாமிநாத சர்மாவின் ‘பாணபுரத்து வீரன்’ தடைக்கு உள்ளாகி, பிறகு டி.கே.எஸ். சகோதரர்களின் மேடைக்குத் ‘தேசபக்தி’ என்ற பெயரில் வந்தது. வள்ளி திருமணத்தை எப்படித் தடை செய்வது? முருகன் கதையைத் தடுத்தால் ஊரே திரண்டுவிடும். ஆகவே பாடுகிறவரைப் பிடித்தார்கள். அமிர்தசரஸில் நடந்த பஞ்சாப் படுகொலையைப் பற்றி பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டை மேடைமேடையாகக் கொண்டுசென்ற விசுவநாததாஸ் திரும்பத் திரும்பக் கைதானார். பாட்டுப் புத்தகங்களும் இசைத்தட்டுகளும் பறிமுதலாயின. பாட்டு மட்டும் கேட்டவர்கள் நாக்கில் தங்கிவிட்டது.

இதே காலத்தில் ஐரோப்பாவின் இசை நாடகமான ஓபரெட்டாவுக்கு நேர்ந்ததை இதனருகில் வைத்துப் பார்க்க வேண்டும். நாஜி அரசு 1933இல் பண்பாட்டு மன்றத்தையும் 1934இல் நாடகச் சட்டத்தையும் உண்டாக்கியது. அங்கே குற்றம் பாட்டில் இல்லை, பாட்டைச் செய்தவரின் பிறப்பில் இருந்தது. யூத இசையமைப்பாளரான பால் ஆபிரகாம் 1933இல் பெர்லினை விட்டு ஓடினார். எமெரிக் கால்மன் 1938இல் வியன்னாவை விட்டு வெளியேறினார். லியோன் யெசல் கெஸ்டபோவின் சித்திரவதைக்குப் பின் 1942இல் இறந்தார். ஃப்ரான்ஸ் லேஹாரின் ‘புன்னகை தேசம்’ மேடையேறிக்கொண்டே இருந்தது; அதன் பாடல்களை எழுதியவர்களில் ஒருவரான ஃப்ரிட்ஸ் லேனர்-பேடா முதலில் டாக்காவ், புக்கன்வால்ட் முகாம்களில் அடைபட்டு, 1942 டிசம்பரில் ஆஷ்விட்சில் மாண்டார். ஹிட்லர் விரும்பிக் கேட்ட ‘மகிழ்ச்சியான விதவை’யின் வசனகர்த்தாக்கள் இருவரும் யூதர்கள். பாட்டு வேண்டும், பாட்டுக்காரன் வேண்டாம் என்ற இந்த நிலையில், யோஹான் ஸ்ட்ராஸின் யூத முன்னோரை மறைக்கத் திருமணப் பதிவேட்டையே திருத்தினார்கள்.

இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது தவறு என்று ஒருவர் சொன்னால் அதை ஏற்கத்தான் வேண்டும். சிறைவாசம் வேறு, இன அழிப்பு வேறு. விசுவநாததாஸ் விடுதலையாகி மறுபடி மேடை ஏறினார். லேனர்-பேடாவுக்கு அந்த மறுபடி இல்லை. ஒப்பீடு கொடுமையின் அளவைப் பற்றியது அல்ல, தணிக்கை செயல்படும் விதத்தைப் பற்றியது. இங்கே வரியிலிருந்து தொடங்கிய தணிக்கை மனிதரில் முடிந்தது. அங்கே மனிதரில் தொடங்கி, பெயர்ப்பலகையிலிருந்து பெயரை அழிப்பதுவரை போனது. வழி எதிரெதிரானது, ஆனால் இரண்டிலும் பாட்டு பிழைத்துக்கொண்டது.

புராண நாடகத்தில் ஒட்டவைத்த தேசியப் பாட்டுகள் கைதட்டலுக்கான உத்தி, அவற்றுக்கு அரசியல் எடை கிடையாது என்ற வாதமும் உண்டு. கைதட்டல் கிடைத்தது உண்மை. ஆனால் கைதட்டலுக்காக மட்டும் பாடுகிறவர் முதல் சிறையோடு பாட்டை மாற்றிக்கொள்வார். மேடைக்கூலி போய், வழக்குச் செலவு ஏறி, வறுமை சூழ்ந்த பிறகும் விசுவநாததாஸ் மாற்றிக்கொள்ளவில்லை. பத்திரிகை எட்டாத கிராமத்தில், எழுத்தறியாதவர் நடுவில், அமிர்தசரஸில் நடந்தது என்ன என்பதைச் சொல்ல இந்த மேடையைவிட வலுவான சாதனம் அன்று இல்லை. அதை நன்றாகப் புரிந்துகொண்டதால்தான் அரசு பயந்தது.

பிறப்பைப் பார்த்து ஒதுக்குவது ஐரோப்பாவுக்கு மட்டும் உரியது என்று நினைப்பதற்கும் இடமில்லை. விசுவநாததாஸ் மருத்துவர் சாதியில் பிறந்தவர். அதைக் காரணம் காட்டி அவரோடு ஜோடி சேர்ந்து நடிக்கப் பெண் நடிகர்கள் பலர் மறுத்தார்கள். முருகன் வேடத்தில் அவரைக் கண்டு கூட்டம் கும்பிட்டது. வேடம் கலைந்தபின் அவருடைய சாதியை நினைவில் வைத்துக்கொண்டது. இந்த விலக்குக்குச் சட்டமோ போலீசோ தேவைப்படவில்லை. காலனி அரசின் அடக்குமுறையை மட்டும் எழுதிவிட்டு இதை விட்டுவிடும் வரலாறு பாதி வரலாறுதான்.

விடுதலைக்குப் பிறகும் இந்தப் பிடி உடனே தளரவில்லை. எம். ஆர். ராதாவின் நாடகங்கள் சர்ச்சையான 1954இல் சென்னை மாநிலம் தனக்கென ஒரு நாடகச் சட்டம் இயற்றியது; பிரதியை முன்கூட்டியே போலீசிடம் காட்டும் பழக்கம் தொடர்ந்தது. 2013இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. 1876ஆம் ஆண்டுச் சட்டம் 2018இல் ஏட்டிலிருந்து நீங்கியது. விசுவநாததாஸ் இவை எதையும் காணவில்லை. 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில், வள்ளி திருமணம் நடந்துகொண்டிருக்கையில், முருகன் வேடத்தில் மயில்மேல் அமர்ந்து பாடியபடியே அவர் உயிர் பிரிந்தது.